நெஞ்சுக்கு ஜப்பான்காரங்க எடுக்கற பாரம்பரிய மருந்து: க்யூஷின், கோரேய்சான், மொக்குபோய்தோ, ஷாகன்சோதோ - யாருக்கு எது?

ஜப்பான்ல நாங்க இருக்கற கட்டடத்துல கீழ் வீட்டு ஒபாசானுக்கு (வயசான அம்மாவ இங்க இப்படித்தான் கூப்பிடுவாங்க) எண்பது தாண்டியாச்சு. ஹார்ட் ஃபெயிலியர், தினமும் நீர் பிரியற மாத்திரை போடறாங்க. ஒரு நாள் அவங்க சமையல் மேடையில பாத்தா ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு பக்கம், 17ன்னு நம்பர் போட்ட ஃபாயில் பாக்கெட் ஒரு பக்கம், 68ன்னு இன்னொரு பாக்கெட், அதுக்கு மேல மருந்துக்கடையில அவங்களே வாங்கின க்யூஷின் டப்பா. எல்லாமே நல்லதுதானே, மூலிகை தானேன்னாங்க. அன்னிலேர்ந்து இத பத்தி தோண்டி தோண்டி படிச்சேன், ஏன்னா இந்த டப்பாக்கள் எல்லாம் ஒரே வேலை செய்யறதில்ல, ஒண்ணு செய்யறத இன்னொண்ணு கெடுக்கவும் செய்யும்.

முதல்ல ஒரு விஷயம். இந்த நம்பர் போட்ட பாக்கெட் எல்லாம் கம்போ மருந்து. கம்போங்கறது சீனாவுலேர்ந்து வந்து ஜப்பான்ல வேற உருவம் எடுத்த வைத்தியம். 18ஆம் நூற்றாண்டுல யோஷிமாசு தோதோ மாதிரி வைத்தியர்கள் வயித்த அமுக்கி பாத்து நோய் கண்டுபிடிக்கற முறைய ரொம்ப வலியுறுத்தினாங்க, அந்த பழக்கம் இன்னிக்கும் இருக்கு. 1976லேர்ந்து நிறைய கம்போ மருந்து அரசு இன்சூரன்ஸ்ல வருது, இப்ப 148 ஃபார்முலா. எழுதித் தர்றது எம்பிபிஎஸ் மாதிரி படிச்ச அதே டாக்டர்தான், நம்மூர்ல சித்தா டாக்டர் தனி அலோபதி டாக்டர் தனின்னு இருக்கற மாதிரி இல்ல. த்சுமுரா கம்பெனி பாக்கெட்ல பெருசா நம்பர் இருக்கும், அதனால ஜனங்க பேர சொல்லாம "எனக்கு 17"ன்னு நம்பர்லயே பேசிப்பாங்க.

இப்ப க்யூஷின். டிவி விளம்பரத்துல வர்றதால ஜப்பான்ல இத தெரியாதவங்க கிடையாது. மாத்திரை அவ்ளோ குட்டி, உள்ளங்கையில கொட்டினா உருண்டு ஓடிடும். ஒரு நாளைக்கு ஆறு, அந்த ஆறுலயும் சேத்து தேரையோட விஷச்சுரப்ப காயவெச்சது 5 மில்லிகிராம்தான். கூட கோரோசனை, மான் கொம்பு, ஜின்செங், முத்து, பச்சைக்கற்பூர வாசனை வர்ற போர்னியால். லிஸ்ட படிக்கறப்போ எனக்கு எங்க பாட்டி குழந்தைக்கு கோரோசனை உரைச்சு ஊத்தினது ஞாபகம் வந்துடுச்சு, அது இதேதான், மாட்டோட பித்தப்பைக் கல்லு. மாத்திரைய கடிக்காம முழுங்கணும், கடிச்சா நாக்கு மரத்துப்போகும், தேரை விஷம் அந்த மாதிரி.

அந்த தேரை விஷத்துல இருக்கற புஃபாலின் மாதிரி பொருள்கள், டாக்டர் தர்ற டிகாக்ஸின் மாத்திரை இதயத்துல எந்த பம்ப அடைக்குதோ அதே சோடியம் பொட்டாசியம் பம்பத்தான் அடைக்குது. நாலுல நேரடியா இதயத் தசைய தொடறதுன்னா இதுதான். படபடப்பு, மூச்சு வாங்கறது, மயக்கம் வர்ற மாதிரி இருக்கறதுன்னா எடுக்கலாம்னு விக்கறாங்க. ஆனா அதே காரணத்துக்காகத்தான் எனக்கு பயம். டிகாக்ஸின் போடறவர் இதையும் சேத்து முழுங்கினா ஒரே வேலைக்கு ரெண்டு மருந்து ஆயிடும், ரத்தத்துல டிகாக்ஸின் அளவு பாக்கற டெஸ்டும் குழம்பும். 1990கள்ல நியூயார்க்ல தேரை விஷம் கலந்த ஒரு பொருள, தோல்ல தடவ வேண்டியத சில பேர் வாயில போட்டு செத்தே போனாங்க. க்யூஷின் அளவு ரொம்ப கம்மி, அதோட இத ஒண்ணா வெக்க முடியாது, ஆனா பொருளோட குணம் ஒண்ணுதான். அதனால டெஸ்ட் எல்லாம் எடுத்து இதயத்துல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சவருக்கு எப்பவாவது வர்ற படபடப்புக்கு ஓகே, ஏற்கனவே ஹார்ட் பேஷண்ட்னா டாக்டர கேக்காம தொடவே கூடாது.

கோரேய்சான், அதாவது 17, இதயத்த தொடறதே இல்ல, தண்ணிய தொடுது. அஞ்சே பொருள், அதுல நமக்கு தெரிஞ்சது பட்டை ஒண்ணுதான், மத்ததுல ரெண்டு பூஞ்சக் காளான் வகை, ரெண்டு கிழங்கு. வெளிர் பழுப்பு துகள், வெந்நீர்ல போட்டா பட்டை வாசனை தூக்கலா வரும், சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பாக்கெட், நாளைக்கு மூணு, மொத்தம் 7.5 கிராம். செல்லுக்குள்ள தண்ணி போயிட்டு வர்ற அக்வாபோரின் வாசல இது மட்டுப்படுத்துதுன்னு லேப்ல காட்டியிருக்காங்க. சாதாரண நீர் மாத்திரை உப்பையும் பொட்டாசியத்தையும் சேத்து வெளிய தள்ளும், இது அந்த வழியில போகலங்கறதாலதான் ஹார்ட் டாக்டர்களே இதுல ஆசையா இருக்காங்க. ஜப்பான்ல ரெண்டாயிரம் பேருக்கு மேல சேக்கற ரேண்டமைஸ்ட் டிரயல் (குலுக்கல் முறையில ஆளுங்கள பிரிச்சு சோதிக்கறது) ஒண்ணே ஆரம்பிச்சாங்க, வீக்கம் இருக்கற ஹார்ட் ஃபெயிலியர் பேஷண்டுக்கு வழக்கமான மருந்தோட 17ஐயும் சேத்து. ஒரு மூலிகை ஃபார்முலாவ இந்த அளவுக்கு சோதிச்சுப் பாக்க கெளம்பினது பெரிய விஷயம்னு நான் நெனக்கறேன்.

மொக்குபோய்தோ, 36. இதுவும் கால் வீங்கி மூச்சு வாங்கறவருக்குத்தான், ஆனா ஆள் வேற. நெஞ்சுக்குழிய அமுக்கினா பலகை மாதிரி கெட்டியா இருக்கணும், முகம் கறுத்துப் போயிருக்கணும், அதான் பழைய அடையாளம். நாலே சரக்கு: போய்ங்கற கொடித்தண்டு, பட்டை, ஜின்செங், ஜிப்சம் கல்லு. கல்லுதான் இருக்கறதுலயே அதிகம், 10 கிராம். நீர் மாத்திரை சரியா கேக்காத ஆளுக்கு இது உதவினதா டாக்டர்கள் கேஸ் கேஸா எழுதியிருக்காங்க, ஆனா வெறும் கேஸ் ரிப்போர்ட்ட வெச்சு இத 17க்கு சமமா நிறுத்த முடியாது.

இதுல ஒரு கண்டிஷன் இருக்கு, ஆன்லைன்ல வாங்கறவங்க கவனிக்கணும். ஜப்பான்ல போய்ன்னா சினோமெனியம் கொடி மட்டும்தான்னு அரசு மருந்து நூல் சொல்லுது. சீனாவுல ஃபாங்ஜிங்கற அதே பேர்ல வேற செடிகளும் இருந்துச்சு, அதுல ஒண்ணு அரிஸ்டலோக்கியா, கிட்னிய அழிச்சுடும். 1990கள் ஆரம்பத்துல பெல்ஜியத்துல உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிட்ட பொண்ணுங்களுக்கு இந்த பேர் குழப்பத்தாலதான் கிட்னி போச்சு. அதனால 36 வேணும்னா ஜப்பான் மருந்துக்கடை பாக்கெட் தவிர வேற எங்கயும் வாங்காதீங்க.

நாலாவது ஷாகன்சோதோ, 64. துடிப்பு விட்டு விட்டு வருது, நெஞ்சு திக்குதிக்குங்குதுங்கற ஆளுக்கு, அதுவும் ஒடம்பு வத்திப்போய் களைச்ச ஆளுக்கு. சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடி சாங் சோங்ஜிங்கற சீன வைத்தியர் எழுதினதுலயே இருக்கு, நாடிய திரும்ப கொண்டு வர்ற கஷாயம்னு இன்னொரு பேர் வேற. பேர பாத்து மயங்கிடாதீங்க. இதோட தலை சரக்கு அதிமதுரம், நாளைக்கு 3 கிராம்.

அதிமதுரம் தொண்டைக்கு இதம்னு நாம சாதாரணமா வாயில அடக்கிக்கறோம். தெனமும் மருந்து அளவுல போச்சுன்னா ஒடம்புல உப்பும் தண்ணியும் தேங்கும், பொட்டாசியம் எறங்கும், பிரஷர் ஏறும். பொட்டாசியம் எறங்கினா துடிப்பு தாறுமாறா போகும், அதாவது எதுக்காக சாப்பிட்டோமோ அதையே இழுத்து விட்டுடும். நாளைக்கு 2.5 கிராமோ அதுக்கு மேலயோ அதிமதுரம் இருக்கற மருந்த பொட்டாசியம் கம்மியா இருக்கறவருக்கு தரக்கூடாதுன்னு ஜப்பான் அரசு 1978லயே சொல்லியாச்சு. நீர் மாத்திரை போடறவருக்கு ஏற்கனவே பொட்டாசியம் ஒழுகிட்டுதான் இருக்கும். அதனால என் கணக்குல ஹார்ட் ஃபெயிலியர் ஆளுக்கு 64 கடைசி இடம். 17லயும் 36லயும் அதிமதுரம் கிடையாது, அது ஒண்ணே பெரிய நிம்மதி.

(பயத்துல வர்ற படபடப்புக்கு 12ன்னு ஒண்ணு இருக்கு, சிப்பி ஓடும் பழங்கால மிருக எலும்பும் போட்டது. அது தூக்கம், டென்ஷன் சமாச்சாரம், இந்த போட்டியில சேராது.)

இப்ப ஒபாசான் கதைக்கு வர்றேன். நீர் மாத்திரையால ராத்திரி கெண்டைக்கால் சதை பிடிச்சு இழுத்திருக்கு, வேற ஒரு கிளினிக்ல கால் வலின்னு காட்டினப்போ 68 எழுதித் தந்திருக்காங்க. ஷாகுயாகுகன்சோதோ, சதைப் பிடிப்புக்கு சட்டுனு கேக்கும், அதுல அதிமதுரம் 6 கிராம், 64ல இருக்கறத விட ரெண்டு மடங்கு. என்னிக்காவது ஒரு பாக்கெட்டுன்னா பரவால்ல, அவங்க தெனம் மூணு வேளை ரெண்டு மாசம். கால் திரும்ப வீங்கிடுச்சு, சாக்ஸ் கழட்டினா தழும்பு கெணறு மாதிரி பதிஞ்சு கெடந்துச்சு. வீக்கத்த எறக்க 17, வீக்கத்த ஏத்த 68, ரெண்டையும் ஒரே வெந்நீர்ல கரைச்சு குடிச்சிட்டிருந்தாங்க.

இங்க எல்லார் கிட்டயும் ஒகுசுரி தேச்சோன்னு ஒரு மருந்து நோட்டு இருக்கும், எந்த டாக்டர் என்ன எழுதினாலும் மருந்துக்கடையில அதுல ஒட்டித் தருவாங்க. அவங்க கிட்ட ரெண்டு நோட்டு இருந்துச்சு, ஹார்ட் டாக்டருக்கு ஒண்ணு, கால் டாக்டருக்கு ஒண்ணு. க்யூஷின் ரெண்டுலயும் இல்ல, சீட்டு இல்லாம வாங்கினதுனால. மூணு டப்பாவையும் பையில போட்டு ரெண்டு நோட்டையும் எடுத்துகிட்டு நானும் அவங்களும் ஹார்ட் டாக்டர் கிட்ட போனோம். ரத்தம் எடுத்தாங்க, பொட்டாசியம் கம்மி. 68ஐயும் க்யூஷினையும் நிறுத்தி 17ஐ மட்டும் விட்டு வெச்சாரு. இப்ப அவங்க கிட்ட ஒரே நோட்டுதான், அதோட முதல் பக்கத்துல அதிமதுரம் வேண்டாம்னு சிவப்பு பேனாவுல பெருசா எழுதி வெச்சிருக்காங்க.