சுகர் குறைக்கிற மூலிகை எக்ஸ்ட்ராக்ட் வாங்கப் போறீங்களா, இதை படிச்சுட்டு போங்க (18,000 போச்சு)

நேத்து தான் அப்பாவை ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்தோம். கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன், தப்பு தவறு இருந்தா கண்டுக்காதீங்க. ஆன்லைன்ல மூலிகை மட்டும் விக்கிற ஒரு கடை, பேர் போட்டா கேஸ் போடுவோம்னு மிரட்டியிருக்காங்க அதனால போடல. சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, வேங்கைப் பட்டை சேர்த்த எக்ஸ்ட்ராக்ட் கேப்ஸ்யூல், 3 மாச கோர்ஸ் 18,000, சுகர் குறையலைன்னா முழுப்பணமும் வாபஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். என்னென்ன பாத்து வாங்கணும்னு கடைசில சொல்றேன்.

நம்ப வெச்ச விதம் இருக்கே, அதை முதல்ல சொல்லணும். "டயபெடிஸ் கோச்"னு ஒருத்தர், அவ்ளோ பொறுமையா பேசுவார், காசைப் பத்தி வாயே திறக்கல. இலவசமா ஒரு சின்ன பாக்கெட் இலைப்பொடி அனுப்பிட்டு வீடியோ கால்ல வந்தார். பொடியை நாக்கு முழுக்க தடவி வாய் கொப்பளிக்க சொன்னார், அப்புறம் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில போட சொன்னார். அப்பா மென்னுட்டு திருதிருன்னு முழிக்கறார், "என்னம்மா இது மணலை திங்கற மாதிரி இருக்கு"ங்கறார். நானும் போட்டுப் பாத்தேன், துளி இனிப்பு இல்ல. அந்த ஆள் சிரிச்சுக்கிட்டே "நாக்குல பட்டதுக்கே சர்க்கரை செத்துப்போச்சு பாத்தீங்களா சார், ரத்தத்துக்குள்ள போனா என்ன பண்ணும் யோசிச்சுக்கோங்க"ன்னார். அவ்ளோ தான், அப்பா அப்பவே 18,000-ஐ அனுப்பச் சொல்லிட்டார்.

சிறுகுறிஞ்சான் இலைல ஜிம்னிமிக் ஆசிட்னு இருக்கு, அது நாக்குல இனிப்பை உணர்ற இடத்துல போய் ஒட்டிக்கும், கொஞ்ச நேரம் இனிப்பு தெரியாது, அப்புறம் தானா சரியாயிடும். டாக்டர் சொன்னது இது. நாக்குல இனிப்பு தெரியாததை வெச்சு ரத்தத்துல சுகர் குறையும்னு எப்படி சொல்ல முடியும்? நிஜ இலையைக் காட்டியே ஏமாத்தியிருக்கானுங்க, அதான் இன்னும் எரியுது.

கேப்ஸ்யூல் ஆரம்பிச்சதும் சுகர் சரசரன்னு இறங்குச்சு, வீட்ல ஒரே சந்தோஷம். டாக்டர் குடுத்த சுகர் மாத்திரை மெட்ஃபார்மினும் போய்க்கிட்டு தான் இருந்துச்சு. ஒரு நாள் விடியக்காலைல அப்பா சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு கை நடுங்க உக்காந்திருக்கார், என் பேரை கேட்டா அத்தை பேரை சொல்றார். குத்திப் பாத்தா 46. 70-க்கு கீழ போனாலே லோ சுகர், 54-க்கு கீழன்னா ஆபத்து. சர்க்கரைத் தண்ணி குடுத்தோம், ஏறுச்சு, கொஞ்ச நேரத்துல மறுபடி இறங்குச்சு, தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வேற என்ன பவுடர் சாப்பிடறார்?" தான். மெட்ஃபார்மின் மட்டும் போடறவங்களுக்கு பொதுவா இப்படி இறங்காதாம், மூலிகைன்னு சொல்லி உள்ள கிளிபென்கிளமைடு மாதிரி சுகரைக் குறைக்கிற இங்கிலீஷ் மாத்திரையையே அரைச்சுக் கலந்து விக்கறது பல நாடுகள்ல பிடிபட்டிருக்காம், அந்த மாத்திரை ரொம்ப நேரம் வேலை செய்யும்ங்கறதால தான் ஏத்தினாலும் திரும்ப இறங்கும்னு டிரிப் போட்டு படுக்க வெச்சுட்டார். பாட்டிலை லேப்ல குடுக்கப் போறேன், அப்ப தெரியும்.

ஆஸ்பத்திரி வராண்டால இருந்தே அந்த கோச்சுக்கு போன் பண்ணினேன். "உடம்புல உள்ள நச்சு வெளியேறுது அக்கா, பயப்படாதீங்க"ன்னார். 46 சார் 46-னு கத்துறேன், "அப்ப இங்கிலீஷ் மருந்தை நிறுத்துங்க"ன்னார். கஸ்டமர் கேருக்கு போட்டா ஒரு பொண்ணு, "குறையலைன்னா தான் மேடம் ரீஃபண்ட், உங்களுக்கு நல்லாவே குறைஞ்சிருக்கே"ன்னு சொல்லுது!! கொழுப்பை பாருங்க. சீல் உடைச்ச பாட்டில் ரிட்டர்ன் கிடையாதாம், சீல் உடைக்காம குறையுதா இல்லையான்னு எப்படிங்க பாக்கறது? அப்புறம் மேனேஜர் கூப்பிடுவார்னாங்க, கூப்பிடல. இப்ப என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. 18,000, அதுக்கு மேல ஆஸ்பத்திரி பில் தனி.

மூலிகையே பொய்னு நான் சொல்லல, அந்த செடிகளை வெச்சு ஆராய்ச்சி நடந்துக்கிட்டு தான் இருக்கு. சுகரை நிஜமாவே கொஞ்சம் குறைக்கிற செடின்னாலும் மாத்திரையோட சேர்ந்தா அதிகமா இறங்கிடலாம், அதனால டாக்டர்கிட்ட சொல்லாம ஆரம்பிக்காதீங்க. லேபிள்ல வெறும் எக்ஸ்ட்ராக்ட்னு போட்டு எந்த செடி எவ்ளோன்னு அளவு இல்லைன்னா தொடவே தொடாதீங்க. ரொம்ப வேகமா இறங்குதுன்னா சந்தோஷப்படாம சந்தேகப்படுங்க. மாத்திரையை நிறுத்துன்னு போன்ல எவன் சொன்னாலும் கட் பண்ணிடுங்க. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க. பாட்டில், பில், சாட் எதையும் தூக்கிப் போடாதீங்க. இன்னும் எழுதணும்னு நினைச்சேன், கை ஓடல. 18,000-ங்க.