தளத்துக்குக் கம்பி வலையா, எஃகு இழையா?

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆலைத் தளம் போட்டாலும், அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலைக்கு நெற்களம் போட்டாலும், கம்பி வலை விரிப்பதா, கலவையிலேயே எஃகு இழை சேர்ப்பதா என்ற கேள்வி எழுகிறது. எது வலிமை என்று கேட்பவர்கள் முதலில் ஒன்றை அறிய வேண்டும். கனமீட்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை சேர்க்கும் இழை, கான்கிரீட்டின் அமுக்க வலிமையை ஏறக்குறைய மாற்றுவதில்லை. முதல் விரிசல் விழும் சுமையையும் பெரிதாக உயர்த்துவதில்லை. விரிசல் விழுந்த பிறகே அதன் வேலை தொடங்குகிறது. பெரும்பாலும் 30 முதல் 60 மில்லிமீட்டர் நீளத்தில், நுனி வளைந்து வரும் அந்த இழைகள் விரிசலின் இரு பக்கங்களையும் பற்றிக்கொள்கின்றன. விரிசல் மேலும் அகல வேண்டுமானால், வளைந்த நுனி நிமிர்ந்து உருவிக்கொண்டு வர வேண்டும்.

வலையும் விரிசலைப் பிடிக்கத்தான் போடப்படுகிறது. மண்மேல் கிடக்கும் தளத்தில், கான்கிரீட் உலர்ந்து சுருங்குவதால் வரும் விரிசல் மேற்பரப்பிலேயே அகலமாகத் தெரிவதால், வலை தளத்தின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். ஆனால், ஆட்கள் வலையை மிதித்து நடந்தே கலவையைக் கொட்டி இழுக்கிறார்கள்; வலையை உயர்த்தி நிறுத்த அடியில் வைக்கும் கவர் பிளாக் சரிகிறது; கொக்கியால் தூக்கிவிட்ட வலை மறு மிதியில் மீண்டும் இறங்குகிறது. பின்னாளில் அந்தத் தளத்தை உடைத்துப் பார்த்தால் வலை அடிமண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அதற்குக் கொடுத்த பணம் வீண்தான். இழை மூலையிலும் மூட்டு ஓரத்திலும்கூடப் பரவி நிற்பதால், மூட்டை லாரியின் சக்கரம் ஏறி இறங்கும் விளிம்புகள் உதிர்வதும் குறைகிறது. இத்தகைய தளங்களுக்கு நான் இழையையே பரிந்துரைப்பேன்.

வீட்டுக் கூரைக்கும் பீமுக்கும் இந்தப் பரிந்துரை பொருந்தாது. 40 கிலோ இழை என்பது கன அளவில் அரை சதவீதம்தான்; அதுவும் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடப்பதால், ஒரு விரிசலைக் குறுக்கே பிணைப்பது அதில் ஒரு பகுதியே. கம்பியோ இழுவிசை வரும் இடத்தில், வரும் திசையிலேயே முழுவதும் நிற்கிறது. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் கட்டட விதியான ஏ.சி.ஐ. 318, 2008 முதல் சில பீம்களில், குறைந்தபட்ச வெட்டுவிசைக் கம்பிக்கு (பிரதானக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களுக்கு) பதிலாக இழையை அனுமதிக்கிறது. அதற்கும் கனமீட்டருக்குக் குறைந்தது 60 கிலோ வேண்டும், வளைவைத் தாங்கும் பிரதானக் கம்பி அப்படியே இருக்க வேண்டும்.

உவரி போன்ற கடலோர ஊர்களில் மேற்பரப்பில் தெரியும் இழை துருப்புள்ளியாகும்; ஆனால் மெல்லிய இழை, துருவேறிய கம்பியைப் போலக் கான்கிரீட்டைப் பிளப்பதில்லை. ஆடிக் காற்றில் ஊற்றிய தளம் முதல் சில மணி நேரத்திலேயே உலர்ந்து வெடிப்பதை மட்டும் எஃகு இழையை நம்பி விட்டுவிடக் கூடாது. அதற்கு உடனே மூடி ஈரம் காப்பதுதான் வழி.