லேசர் தோட்டா: வெடிக்காமல் பழகுவதற்கு

9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா விலை ஏறும்போதெல்லாம் வாராவாரம் சுட்டுப் பழகுவது கட்டுப்படியாகாது. காலி உறையில் மருந்து நிரப்பிச் சமாளிக்கலாம் என்றால், தட்டுப்பாட்டில் முதலில் காணாமல் போவதே மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்தான். அதனால் லேசர் தோட்டா வாங்கினேன்.

அசல் தோட்டா அளவிலேயே பித்தளையில் இருக்கிறது. சேம்பரில் (துப்பாக்கிக் குழலில் தோட்டா அமரும் இடம்) போட்டு விசையை இழுத்தால், ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டும் ஊசி) அதன் பின்பக்க ரப்பர் மேல் தட்டும். சுவரில் ஒரு நொடிக்கும் குறைவாகச் சிவப்புப் புள்ளி மின்னும். விசையை வெடுக்கென்று இழுத்தால் புள்ளி கோடாக இழுபடும். நிஜத்தில் சுடும்போது அதிர்வும் சத்தமும் மறைத்துவிடுகிற தவறு இது. இங்கே தப்பிக்கவே முடியாது. எனக்கு இந்த ஒன்றுக்கே போட்ட காசு சரி.

குறைகளும் உண்டு. பின்னுதைப்பு கிடையாது, எனவே அடுத்த குண்டுக்குக் குறியை மீட்கும் பழக்கம் வராது. ஸ்ட்ரைக்கர் வகைத் துப்பாக்கியில் (சுத்தியலுக்குப் பதில் ஸ்பிரிங் ஊசி உள்ளது) ஒவ்வொரு முறையும் மேலே நகரும் ஸ்லைடை இழுக்க வேண்டும். பொத்தான் பேட்டரிகள் சீக்கிரம் தீர்கின்றன. புள்ளியும் குறிமுள்ளும் கொஞ்சம் விலகியே நிற்கும். அதைப் பார்த்து சைட்டை (குறிபார்க்கும் அமைப்பை) திருகிவிடாதீர்கள்.

பழகும் அறையில் அசல் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. சேம்பரை இரண்டு முறை பாருங்கள், சுவர் பக்கம் ஆள் இருக்கக் கூடாது.

.22 ரிம்ஃபயர் (விளிம்பில் தட்டினால் வெடிக்கும் தோட்டா) துப்பாக்கிக்காரர்கள் தங்கள் அளவுக்கு லேசர் தோட்டாவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் சேம்பரில் தட்டினால் சில துப்பாக்கிகளில் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பையே கொத்திவிடும்.