டிஸ்கார்ட் – மைன்கிராஃப்ட் இணைப்பு: கரண்ட் போனால் வாய் திறக்காத பாட்

மன்னார்குடியில் புதிதாக மைன்கிராஃப்ட் சர்வர் போடப்போகும் தம்பி ஒருவர் கேட்டார்: "டிஸ்கார்ட் அவசியமாண்ணே, வாட்ஸ்அப் குரூப் போதாதா?" டிஸ்கார்ட் என்பது கேம் ஆடுவோர் கூடும் சாட் ஆப். பதில் கொஞ்சம் நீளம், அதனால் இங்கே.

அமைப்பு தெரிந்ததுதான். வீட்டு கம்ப்யூட்டரில் பேப்பர் என்ற சர்வர் மென்பொருள், மைன்கிராஃப்ட்டின் வழக்கமான 25565 போர்ட், கூடவே டிஸ்கார்டை இணைக்கும் டிஸ்கார்ட்எஸ்ஆர்வி பிளகின். விளையாட்டுக்குள் அடிக்கும் சாட் டிஸ்கார்டில் விழும், அங்கே அடிப்பது இங்கே விழும். இந்த வேலையைச் செய்யும் பாட் (டிஸ்கார்டில் இருக்கும் தானியங்கிக் கணக்கு) ஏறாமல் 4014 என்று எர்ரர் வந்தால் டோக்கனை (பாட்டின் கடவுச்சொல்) சந்தேகப்படாதீர்கள். டிஸ்கார்டின் டெவலப்பர் போர்ட்டலில் மெசேஜ் கன்டென்ட், சர்வர் மெம்பர்ஸ் என்ற இரண்டு இன்டென்ட்டும் (பாட்டுக்கான அனுமதிகள்) ஆன் ஆகியிருக்காது. பிளகின் செட்டிங்கில் கன்சோல் சேனல் (சர்வருக்கு நேரடியாகக் கட்டளையிடும் சேனல்) ஐடியைக் காலியாகவே விடுங்கள். அங்கே எழுத முடிந்தவர் எவரும் தனக்குத்தானே ஓபி (சர்வர் நிர்வாக அதிகாரம்) கொடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல் எல்லாம் கரண்ட்டில்தான்.

சர்வர் ஓடும் அதே ஜாவா புராசஸுக்குள்தான் பாட்டும் ஓடுகிறது. முறையாக ஸ்டாப் கொடுத்தால், நின்றுவிட்டது என்று சேனலில் சொல்லிவிட்டுப் போகும். ஐப்பசி மழையில் லைன் ட்ரிப் ஆனால் சொல்ல ஆளில்லை. பாட் ஆஃப்லைன் ஆனதை மெம்பர் பட்டியலில் யார் பார்க்கிறார்கள்? "டவுனா?" "எனக்கு மட்டுமா?" என்று சேனல் நிரம்பும். பிளகினில் வாட்ச்டாக் என்ற கண்காணிப்பு வசதி இருக்கிறதே என்பார்கள். சர்வர் உறைந்தால்தான் அது குரைக்கும், மெஷினே அணைந்தால் அதுவும் சேர்ந்து அணையும்.

மாற்று வழி, சிம் போட்ட ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன். வைஃபையில் விடக்கூடாது, மோடமும் அதே கரண்ட்டில்தானே ஓடுகிறது. டெர்மக்ஸ் ஆப்பில் சின்ன ஸ்கிரிப்ட் போதும்: நிமிடத்துக்கு ஒருமுறை வெளி முகவரியில் 25565-ஐத் தட்டிப் பார்க்கும், அடுத்தடுத்து இரண்டு முறை பதில் இல்லையென்றால் வெப்ஹூக்கில் (பாட் இல்லாமலே சேனலுக்கு மெசேஜ் அனுப்பும் முகவரி) ஒரு வரி போடும். நிலை மாறும்போது மட்டும் போடட்டும், இல்லையென்றால் சேனல் நாறிவிடும். போனைத் தூங்கவிடாத வேக்லாக் போட்டு, பேட்டரி ஆப்டிமைசேஷனையும் நிறுத்தாவிட்டால் ஆண்ட்ராய்டே ஸ்கிரிப்ட்டைக் கொன்றுவிடும். சிஜிநாட் (பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரி) தொல்லையால் டனலில் (வெளியே இருக்கும் இடைச் சர்வர் வழியாக) போகிறவர்கள் போர்ட்டைத் தட்டினால் பயனில்லை. வீடு இருட்டில் கிடந்தாலும் டனல் வாசல் திறந்திருக்கலாம். மைன்கிராஃப்ட்டின் ஸ்டேட்டஸ் பிங்கைத்தான் (கேம் சர்வரே பதில் சொல்ல வேண்டிய விசாரிப்பு) அனுப்பிப் பார்க்க வேண்டும்.

எதிர்பாராத லாபம் ஒன்று, டிஸ்கார்ட் சேனலில் எப்போதும் கிடைக்கும்படி 'பின்' (pin) செய்து வைத்த ஒரே ஒரு மெசேஜ். அதில் இருப்பது இதுதான். நேரடி முகவரியில் வருகிறவர்களுக்கு 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் மெஷின் உயிரோடு இருக்கிறது, சர்வர்தான் ஏறவில்லை. 'டைம்ட் அவுட்' என்றால் கரண்ட்டோ நெட்டோ போயிருக்கிறது. அதைப் படித்த பையன்கள் இப்போது கேள்வி கேட்பதில்லை, ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்கள். கும்பகோணத்தில் இருப்பவனுக்குத் திருவாரூர்க்காரன் பதில் சொல்லிவிடுகிறான், அட்மினை யாரும் எழுப்புவதில்லை. வாட்ஸ்அப்பில் இதெல்லாம் கல்யாண அழைப்பிதழ்களுக்கு நடுவே புதைந்துபோயிருக்கும்.

ஆனாலும் தம்பி, பத்துப் பேருக்குள் ஆடுவதானால் டிஸ்கார்ட் வேண்டாம். முதலில் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்) கரண்ட் திரும்பினால் தானே ஆன் ஆகும்படி வையுங்கள், லினக்ஸில் சர்வரை, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானே ஓடும் சிஸ்டம்டி சர்வீஸாக மாற்றுங்கள். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் மாறும் அந்த நொடியிலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். மிச்சக் காசில் மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ். 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று அடாப்டரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.