சிவப்பு வட்டு டைமர்: டேக்அவே சமையலறைக்கு ஏற்றதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் "ஜஸ்ட் நவ்" என்றால் எப்போது? பத்து நிமிடத்திலும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம். "நவ் நவ்" என்றால் அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம். அங்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு டேக்அவே உணவுக்கடையில் புதிதாகச் சேர்ந்த டவுன் சிண்ட்ரோம் உள்ள ஊழியரிடம் "ரொட்டி மாவை ஜஸ்ட் நவ் எடுத்துவிடு" என்றால் அவர் விழிக்கத்தான் செய்வார். குறை அவரிடம் இல்லை. சொன்னவர் நேரத்தையே சொல்லவில்லை.

மீதி நேரத்தைச் சிவப்பு வட்டாகக் காட்டும் டைமர் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. 1994-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜான் ரோஜர்ஸ் என்ற தாய், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓயாமல் கேட்ட தன் சின்ன மகளுக்காக 'டைம் டைமர்' என்ற பெயரில் உருவாக்கியது. இன்று அதே அமைப்பில் பல நகல்கள் கிடைக்கின்றன. வெள்ளை முகப்பு, 60 நிமிட அளவு. சிவப்பை 20 வரை இழுத்துவிட்டால் அது மெல்ல மெல்லக் குறுகிச் சுழியத்தில் மறைந்துவிடும். கடிகாரம் பார்க்கத் தெரிய வேண்டியதில்லை, கழித்தல் கணக்கும் வேண்டாம்.

21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதுதான் டவுன் சிண்ட்ரோம். காதால் கேட்ட நாலைந்து சொற்களை வரிசையாக மனத்தில் நிறுத்துவது இவர்களில் பலருக்குக் கடினம். கண்ணால் கண்டது நன்றாகத் தங்கும். செவித்திறன் குறைவும் பரவலாக உண்டு. புகைபோக்கி விசிறி இரையும் சமையலறையில் 'பீப்' சத்தத்தை நம்பவே கூடாது. கண்ணில் படும் சிவப்புதான் முதல். மணியை வைத்துக்கொள்ளுங்கள், துணைக்கு மட்டும்.

20 சென்டிமீட்டர் அகலமுள்ளதை வாங்குங்கள். கைக்கடக்கமான சின்னது இரண்டு எட்டு தள்ளி நின்றாலே தெரியாது. பார்வைக் குறைபாடும் இவர்களிடையே அதிகம். மாட்டும் உயரம், பயன்படுத்துகிறவரின் கண்மட்டம். முதலாளியின் கண்மட்டத்தில் மாட்டினால் உயரம் குறைந்த ஊழியர் அண்ணாந்து பார்க்க வேண்டும், முகப்பில் குழல்விளக்கு பளபளத்து சிவப்பே மறைந்துவிடும். அடுப்பிலிருந்து எட்டி வையுங்கள். ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் வட்டு ஒட்டிக்கொண்டு நின்று நின்று நகரும்.

நடுக்குமிழ்தான் இந்த வகையின் பலவீனம். விரல்கள் குட்டையாகவும் தசை தளர்வாகவும் இருப்பவருக்கு வழுக்கும் சின்னக் குமிழைப் பிடித்துத் திருப்புவது பாடு. ரப்பர் பேண்டை மூன்று சுற்று சுற்றுங்கள், பிடி கிடைக்கும். எந்தப் பக்கம் இழுப்பது என்பதற்கு ஓர் அம்புக்குறி ஒட்டுங்கள். எதிர்ப்பக்கம் பலமாகத் திருகினால் உள்ளிருக்கும் பல்சக்கரம் கெட்டுவிடும்.

வேலைக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் எண்களே தேவைப்படாது. ரொட்டி மாவு ஊற 20-இல் ரொட்டிப் படம், மூடிவைத்த சோறு புழுங்க 15-இல் பானைப் படம். ஆனால் இரண்டு மூன்றுக்கு மேல் ஒட்டினால் முகப்பு கோலப்பொடி டப்பா மாதிரி ஆகி எதுவும் புரியாது. வடைப் பருப்பு ஊறுவதற்கு 60 நிமிடம் போதாது. அதற்கு மூன்று கட்டம் போட்ட அட்டை ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொரு முழுச்சுற்று முடிந்ததும் ஒரு கட்டத்தில் டிக் போட வைக்கலாம்.

எண்ணெய்ச் சட்டிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். எண்ணெயின் சூடு ஒவ்வொரு ஈட்டுக்கும் மாறும். 5 நிமிடத்துக்குக் குறைந்த அளவில் இந்த டைமரின் துல்லியமும் போதாது. சமோசாவுக்கு மூன்று புகைப்படங்கள் போதும்: வெளிறியது, பொன்னிறம், கருகியது. நடுப்படத்தைச் சுற்றிப் பச்சை வட்டம். குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பித் தரும் டர்பன் உணவான பன்னி சௌவும் அப்படித்தான். கால் ரொட்டி, நடுச்சதையை எடுத்தல், கறி நிரப்புதல், எடுத்த சதையை மேலே வைத்தல், துருவிய கேரட் சம்பல் (சாலட்). ஐந்து படங்கள். அது வரிசைப் பிரச்சினை, நேரப் பிரச்சினை இல்லை. டைமர் அங்கே உதவாது.

லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு வந்தால் இது பேட்டரியில் ஓடுவது பெரிய நிம்மதி. அதே பேட்டரி இளைத்தால்தான் ஆபத்து. வட்டு பாதியில் நின்றுவிடும், சொன்னபடி நடப்பவர் சிவப்பு தீரும்வரை காத்திருப்பார், சோறு அடிபிடிக்கும். திட்டு அவருக்கு விழும். மாதம் ஒருமுறை கைபேசிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கைபேசிச் செயலி மாற்றாகாது. மாவுக் கையில் திரை நகராது, நடுவில் வாட்ஸ்அப் வந்து குதிக்கும். நொடி ஓடும் எண் டைமரோ பதற்றத்தைத்தான் கூட்டும்.

கருவி நல்லதாக இருந்தும் வீணாவது ஒரே காரணத்தால். பின்னால் நின்றுகொண்டு "பார், சிவப்பு தீரப்போகுது, சீக்கிரம்!" என்பார்கள். அன்றோடு அது சாட்டையாகிவிடும், அவர் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். முதல் வாரம் தேநீர் இடைவேளைக்கு மட்டும் வையுங்கள். திருப்புவது அவர் கையாக இருக்கட்டும். இருபத்தைந்து வயதானவரை "பாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே அவர் பொறுப்பை எதிர்பார்ப்பதும் நடக்காது.

மாரியம்மன் கோயில் ஆடிக் கூழுக்குத் தொண்டர் கூட்டத்தில் இவர்களையும் சேர்க்கும் கமிட்டிகளுக்கு ஒரு வார்த்தை: ஒருவருக்கு ஒரு வேலை, ஒரு டைமர், கட்டளையிட ஒரே ஒரு அக்காவோ அண்ணனோ. ஆறு ஆன்ட்டிகள் ஆறு திசையிலிருந்து சொன்னால் எந்த வட்டும் காப்பாற்றாது. மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம், இந்நாட்டில் மனித உரிமை தினமும் அதுவே. அன்றைக்கு ஆதரவைக் காட்டப் பலரும் செய்வதுபோல் ஜோடி மாறிய சாக்ஸ் போட்டுப் படமெடுப்பதைவிட இதை வாங்கி மாட்டுவது மேல்.

மாற்றுப் பேட்டரியை டைமர் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் வையுங்கள். பேட்டரிக் குழியில் கூட்டல் முனைக்கு ஒரு சிவப்புப் புள்ளி, பேட்டரியிலும் ஒன்று. புள்ளியோடு புள்ளி சேர்த்தால் போதும், மாற்றுவதையும் அவரே செய்துகொள்வார்.