எலக்ட்ரால் பாக்கெட்: மாரத்தானுக்கு முந்தைய கனமான வாரத்தில் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

சென்னையில் ஜனவரி தொடக்கத்தில் மாரத்தான் ஓடுகிறவர்களுக்குப் பயிற்சியின் உச்ச வாரம் பெரும்பாலும் டிசம்பர் நடுவில் வந்து விழும். வாரத்துக்கு 65 முதல் 80 கி.மீ., ஞாயிறு காலை 30 அல்லது 32 கி.மீ. லாங் ரன், அதற்குப் பிறகு டேப்பர், அதாவது தூரத்தைப் படிப்படியாகக் குறைப்பது. மார்கழிக் குளிர் என்று பேர்தான். விடியற்காலை 23 டிகிரி இருந்தாலும் ஈரப்பதம் பல நாள் 85 சதவீதத்தைத் தாண்டிவிடும். வியர்வை உலரவே உலராது; பனியன், காலுறை, ஷூ என்று வழிந்து இறங்கும். அந்த வாரத்தில் ஓட்டக்காரர்கள் மெடிக்கல் ஷாப்பில் கொத்தாக வாங்குவது எலக்ட்ரால், அதாவது வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் தூள். ஒரு பாக்கெட் முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும், தெருவுக்குத் தெரு கிடைக்கும். நல்ல சரக்குதான். ஆனால் ஓடும்போது குடிக்கிற பானம் இது என்று நம்பி வாங்கினால் பாதி வேலைக்குத்தான் ஆகும்.

பெரிய பாக்கெட் 21.8 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. மிச்சம் மணமும் சுவையும். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய ஓஆர்எஸ் (வாய்வழி நீரேற்றக் கரைசல்) அளவு இது. கரைத்தால் செறிவு, அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் துகள்களின் கணக்கு, 245 மில்லிஆஸ்மோல். ரத்தத்தின் செறிவு 285-ஐ ஒட்டி இருப்பதால், அதைவிடத் தளர்வான இந்தக் கரைசலைக் குடல் சிரமமில்லாமல் இழுத்துக்கொள்கிறது.

இந்த வகைக் கரைசலுக்குப் பெயர் வாங்கித் தந்தது 1971. வங்கதேச அகதிகள் குவிந்திருந்த மேற்கு வங்கத்துப் பொன்காவ் முகாமில், ரத்தக்குழாய் வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை வாய்வழியே கொடுத்துக் காப்பாற்றினார். ஓட்டக்காரர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: குளுக்கோஸ் அங்கே சத்துக்காகச் சேர்க்கப்படவில்லை. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்தே நுழைகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. வாசலைத் திறக்க எவ்வளவு குளுக்கோஸ் வேண்டுமோ அவ்வளவுதான் பாக்கெட்டில் இருக்கிறது.

அதனால்தான் கால் தளர்ந்துபோகும்போது எலக்ட்ரால் கைகொடுப்பதில்லை. ஒரு லிட்டர் முழுதாகக் குடித்தாலும் கிடைப்பது 50 கலோரி சொச்சம். 65 கிலோ எடையுள்ளவர் 32 கி.மீ. ஓட 2,000 கலோரிக்குப் பக்கத்தில் செலவாகும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டிய இடத்தில் 13.5 கிராமை வைத்துக்கொண்டு ஓடினால் 26, 27-ஆவது கி.மீ.யில் வண்டி நின்றுவிடும். அதை உப்புக் குறைவு என்று நினைத்து இன்னொரு பாக்கெட்டைக் கரைப்பவர்கள்தான் அதிகம்.

உப்புப் பக்கம் பார்த்தால் கதை நேர் எதிர். லிட்டருக்குச் சுமார் 1,700 மி.கி. சோடியம். கடையில் விற்கும் சாதாரண ஸ்போர்ட்ஸ் டிரிங்கில் 400, 500 மி.கி. இருந்தால் அதிகம். வியர்வையில் போகும் சோடியம் ஆளுக்கு ஆள் மாறும். லிட்டருக்கு 460-லிருந்து 1,800 மி.கி. வரை. ஓடி முடித்ததும் தொப்பியிலும் கறுப்புப் பனியனிலும் வெள்ளைத் தடம் படிகிறவர்கள் மேல்பக்கத்தில் இருப்பவர்கள். மற்றவர்களுக்கு முழு அளவு எலக்ட்ரால் அவர்கள் வியர்வையைவிட உப்பானது. ஓட்டத்தின் நடுவில் வெதுவெதுவென்று குடித்தால் குமட்டும். சுவையை இதற்கு மேல் குறை சொல்ல முடியாது, மருந்துக்கு மருந்தின் ருசிதான் இருக்கும்.

ஓடும்போது குடிக்க ஏற்றது பாதி அளவுக் கரைசலும் சர்க்கரையும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை பாக்கெட் எலக்ட்ரால், 40 கிராம் சாதாரணச் சர்க்கரை, விருப்பப்பட்டால் அரை எலுமிச்சம்பழம். சோடியம் சுமார் 850 மி.கி., மாவுச்சத்து 47 கிராம், செறிவு 240-ஐ ஒட்டியே நிற்கும். குளுக்கோஸுக்குப் பதில் சர்க்கரை போடுவதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை ஒரு மூலக்கூறாகவே கரைவதால் அதே எடை குளுக்கோஸைவிடச் செறிவைப் பாதிதான் ஏற்றும். குடலில் பிரிந்த பிறகு அதன் ஃப்ரக்டோஸ் பாதி வேறு வாசல் வழியாகப் போவதால் நெரிசலும் குறையும். இதே 40 கிராமைக் குளுக்கோஸ் பவுடராகப் போட்டால் செறிவு 340-ஐத் தாண்டிவிடும், வயிற்றில் கல்லு மாதிரி நிற்கும்.

அரை பாக்கெட் எடுப்பதில் ஒரு சிக்கல். தூளைப் பாதியாகப் பிரித்து ஜிப் கவரில் போட்டு வைப்பது பலருடைய வழக்கம். உப்பும் குளுக்கோஸும் வெவ்வேறு பருமனில் இருப்பதால் பாக்கெட்டைக் குலுக்கக் குலுக்க ஒன்று கீழே இறங்கும், ஒன்று மேலே நிற்கும். தராசில் 10.9 கிராம் சரியாக வந்தாலும் உள்ளிருக்கும் விகிதம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. முழுப் பாக்கெட்டையும் முதலில் 200 மி.லி. ஆறிய தண்ணீரில் கரைத்து, அதில் 100 மி.லி. எடுத்துக்கொண்டு, சர்க்கரை சேர்த்து ஒரு லிட்டராக நிரப்புங்கள். மீதி 100 மி.லி.யை ஃபிரிட்ஜில் மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் இதேபோல ஒரு லிட்டராக்கிக் குடித்துவிடலாம், தாண்டினால் கொட்டிவிடுங்கள். பிரிக்கிற வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு 200 மி.லி.க்கான 4.4 கிராம் சின்னப் பாக்கெட் இருக்கிறது. அதில் ஒன்றும் 16 கிராம் சர்க்கரையும், அதாவது தலைதட்டிய நான்கு டீஸ்பூன், 400 மி.லி. தண்ணீரில். 500 மி.லி. சாஃப்ட் ஃபிளாஸ்கில் (கையில் பிடிக்கும் மடங்கும் பாட்டிலில்) அடங்கும்.

உச்ச வாரத்தில் எல்லா நாளும் இது தேவையில்லை. திங்கள் ஓய்வு, வியாழன் 8 கி.மீ. ஈஸி ரன், செவ்வாய் ஒரு மணி நேர டெம்போ (சற்று வேகமான, சீரான ஓட்டம்): இவற்றுக்கெல்லாம் தண்ணீர் போதும். ஓடி வந்து நாலு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டால் போன உப்பு திரும்பிவிடும். நம் சாப்பாட்டில் உப்புக்குப் பஞ்சம் கிடையாது. புதன்கிழமை 18 கி.மீ., ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அன்றைக்கு ஒரு ஃபிளாஸ்க் பாதிக் கரைசல். சனிக்கிழமை மாரத்தான் பேஸில் (மாரத்தான் அன்று ஓடப்போகும் வேகத்தில்) 10, 12 கி.மீ. ஓடிவிட்டு ஞாயிறு 32-க்குப் போகிறவர்களுக்குத்தான் முழு அளவு எலக்ட்ரால் உண்மையிலேயே உபயோகப்படும். இடைவெளி 24 மணி நேரத்துக்கும் குறைவு, தாகத்தை மட்டும் நம்பினால் இழந்த நீர் முழுதாகத் திரும்பாது. எடை ஒரு கிலோ குறைந்திருந்தால் மதியத்துக்குள் ஒன்றரை லிட்டர் திரவம் போக வேண்டும். அதில் ஒரு லிட்டரை எலக்ட்ராலாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஜில்லென்று குடித்தால் சிறுநீராகப் போய்விடாமல் உடம்பில் தங்கும். வெறும் தண்ணீரை அவசரமாகக் குடித்தால் அரை மணியில் பாத்ரூம். தயிர்சாதமும் ஊறுகாயும் சாப்பிட முடிகிறவர் என்றால் அதுவே இந்த வேலையைச் செய்யும். பசி செத்துப்போய் சோறு இறங்காத நாளுக்குத்தான் பாக்கெட்.

எவ்வளவு குடிப்பது என்பதைப் புதன்கிழமையே கண்டுபிடித்துவிட வேண்டும். ஓடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். ஓடி வந்ததும் துடைத்துக்கொண்டு மறுபடி, உடையில்லாமல்தான், ஏனென்றால் நனைந்த பனியனும் ஷார்ட்ஸும் அரை கிலோ வரை பொய் சொல்லும். முன்னே 64.0, பின்னே 62.6, நடுவில் குடித்தது 600 மி.லி., ஓடியது இரண்டு மணி என்றால் வியர்வை மொத்தம் 2 லிட்டர், மணிக்கு ஒரு லிட்டர். அத்தனையையும் திருப்பிக் குடிக்க வேண்டியதில்லை, வயிறும் தாங்காது. மணிக்கு 500, 600 மி.லி. போதும். ஞாயிறு லாங் ரன்னில் அந்த வேகத்தில் பாதிக் கரைசல் குடித்தால் மணிக்கு 25 கிராம் மாவுச்சத்து வரும். மணிக்கு ஒரு ஜெல் (பொட்டலத்தில் வரும் மாவுச்சத்துப் பாகு) சேர்த்தால் இன்னொரு 22, 25 கிராம். கணக்கு 50-ஐத் தொட்டுவிட்டது.

ஜெல் சாப்பிடும்போது மட்டும் ஃபிளாஸ்கைத் தொடாதீர்கள். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர். இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றில் விழுந்தால் கட்டியான பாகாகி, குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதில் வெளியே விடும். ஈசிஆர் கடற்கரைச் சாலையில் திரும்பும்போது விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களில் சிலருக்கு நடந்திருப்பது இதுவாகவும் இருக்கலாம். அதைவிட மோசமான தவறு, பாட்டில் 500 மி.லி.தான் என்பதால் முழுப் பாக்கெட்டையும் அதிலேயே கொட்டுவது. செறிவு இரண்டு மடங்காகி 490. வயிற்றுப்போக்கை நிறுத்தச் செய்த மருந்தே வயிற்றைக் கலக்கிவிடும்.

உப்பு சேர்த்துக் குடிக்கிறோம், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற தைரியமும் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதோடு ஒட்டி வந்த முக்கியமான அடையாளம் ஓட்டத்தின்போது எடை கூடியிருந்ததே, அதாவது தேவைக்கு மேல் குடித்தது. எந்தப் பானம் என்பது அங்கே பெரிய வித்தியாசம் செய்யவில்லை. ஓடி முடித்து எடை பார்க்கும்போது முன்பைவிடக் கூடியிருந்தால், தலைவலியும் விரல் வீக்கமும் இருந்தால், எலக்ட்ரால் உட்பட எதையும் குடிக்காதீர்கள். குழப்பமாகப் பேசினாலோ வாந்தி தொடர்ந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். லாங் ரன்னுக்கு முன்னால் இப்யூபுரோஃபன் வகை வலி மாத்திரை போடுகிற பழக்கம் இந்தச் சோடியம் குறைவை மோசமாக்கலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

சதைப்பிடிப்புக்கு இது மருந்தா என்று கேட்டால், நம்பி வாங்க வேண்டாம். கடைசி 5 கி.மீ.யில் கெண்டைக்கால் இழுப்பதற்குப் பெரும்பாலும் தசை களைத்துப்போவதே காரணம். பயிற்சியில் ஓடிய பேஸைவிட வேகமாகப் போனால் எத்தனை பாக்கெட் குடித்தாலும் இழுக்கும்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை, டாக்டரிடம் கேட்காமல் தினம் குடிக்கக் கூடாது. அந்த மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும், பாக்கெட்டிலும் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

வாங்கும்போது தூள் பாக்கெட்டாகவே வாங்குங்கள். ஓஆர்எஸ் என்று பெரிதாக எழுதி டெட்ரா பாக்கெட்டில் விற்ற பல பானங்கள் சர்க்கரைத் தண்ணீருக்கு அண்ணன்தான். உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உத்தரவு போட்டது. கடைக்காரர் ‘ரெண்டும் ஒண்ணுதான் சார்’ என்பார். பின்பக்கம் திருப்பி 2.6, 1.5, 2.9, 13.5 என்ற நான்கு எண்களைத் தேடுங்கள். அவை இருந்தால் எலக்ட்ரால் என்ற பெயர்கூடத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் அதே சரக்குதான், சுவை மட்டும் இன்னும் மோசம்.

மழைக்காலத்தில் பாக்கெட்டின் ஓரத்தை விரலால் நெருடிப் பாருங்கள். உள்ளே மணல் மாதிரி ஓட வேண்டும். பாறையாக இறுகியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது, வேறு கேளுங்கள். ஃபிளாஸ்கை அன்றே கழுவாவிட்டால் சர்க்கரை ஒட்டிய மூடியில் இரண்டு நாளில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வாய்ப்பகுதியைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா ஒரு டீஸ்பூன் போட்டு அரை மணி ஊறவைத்து அலசி, ஈரத்தோடேயே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அடுத்த ஓட்டத்துக்கு எடுக்கும்போது கரைசலும் கொஞ்ச நேரம் ஜில்லென்று நிற்கும்.