பாயிண்டா, எலக்ட்ரானிக்கா: ஸ்டார்ட் ஆகாத காலையில் எது தேவலை?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வாசலில் இரண்டு கிழட்டு வண்டிகள். என் நிசான் 1400 பக்கி (சின்ன பிக்கப்) பாயிண்ட் இக்னிஷனோடு வந்தது: பிளக்கில் பொறி வரவைக்க, இரண்டு உலோக முனைகள் திறந்து மூடி மின்சாரத்தை வெட்டிவிடும். மச்சானின் சிட்டி கோல்ஃப் காரில் எலக்ட்ரானிக்: அந்த வெட்டும் வேலையை மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டி செய்யும். டர்பன் கடற்காற்றின் ஈரம் இரண்டையும் ஒரே மாதிரிதான் படுத்தும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் வியர்த்திருந்தால் துணியால் துடைத்தாலே பல நாள் வேலை முடிந்துவிடும். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் இக்னிஷனைத் திட்டிப் பயனில்லை.

இதற்கப்புறம்தான் வழி பிரிகிறது.

பாயிண்ட் தன் நோயைத் தானே காட்டிவிடும். மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டரை எடுத்து, சாவியைப் போட்டு, மூடியிருக்கும் பாயிண்டை மரக்குச்சியால் விலக்கிப் பார்ப்பேன். அந்த முனையில் மஞ்சளாகக் கொழுத்த பொறி வந்தால் சந்தேகம், முனை கருகாமல் காக்கும் கண்டென்சர் மேல். பொறியே இல்லையா, முனை கருகியிருக்கும். உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. இடைவெளி சுமார் 0.5 மி.மீ. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் தீப்பெட்டி அட்டையை வைத்து ஒப்பேற்றலாம், வீடு வந்து சேரும்வரை. ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இந்தக் கூத்து உண்டு. சாவியைப் போட்டபடியே மறந்தால் பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலும் கொதித்துப்போகும்.

எலக்ட்ரானிக்கில் தேய்கிற முனை இல்லை, ஈரம் துடைப்பதைத் தவிர வருடக்கணக்கில் மூடியைத் திறக்கவே வேண்டாம். கெட்டால் மட்டும் ஊமை. போன கோடையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் வழியில், கீ ரிட்ஜ் ஏற்றத்தில் மச்சான் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பியது. வீட்டில் மாட்யூலைக் கழற்றினோம்: அடியில் இருக்க வேண்டிய வெள்ளைப் பசை காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. சூடு வெளியேற வழியில்லை. மாட்யூலை மாற்றிப் புதுப் பசை தடவிய பிறகு தொல்லை இல்லை. இதில் பிளக் வயரைப் பிடுங்கி அந்தரத்தில் பொறி பார்க்காதீர்கள், நல்ல மாட்யூலும் போய்விடும். பிளக்கின் உடலை என்ஜினோடு ஒட்டிவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தினமும் ஓடுகிற வண்டி என்றால் என் ஓட்டு எலக்ட்ரானிக்குக்கே. பக்கிக்கும் எலக்ட்ரானிக்காக மாற்றும் ஒரு கிட் வாங்கி மாட்டிவிட்டேன். ஆனால் கழற்றிய பாயிண்ட் தட்டும் கண்டென்சரும் பால்பவுடர் டின்னில், சீட்டுக்கு அடியில், ஒரு ஸ்க்ரூடிரைவரோடு.